புதுக் காசு சேர்க்க எந்த வழி நல்லது? சில்லறை, வங்கி, நாணயச்சாலை, வியாபாரி: ஒரு வேலூர்க் கணக்கு

புதுக் காசு சேர்க்க ஆசை வந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது போனை எடுத்து விலை தேடுவதுதான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். நான் பேசுவது ராஜா காலத்துக் காசைப் பற்றி அல்ல. இந்த ஆண்டு, போன ஆண்டு, அதற்கு முன்னால் ஒரு பத்துப் பதினைந்து ஆண்டு, இந்த வட்டத்துக்குள் அச்சாகிக் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிற காசுகளைப் பற்றி. இவற்றைச் சேர்க்க நாலு வழி இருக்கிறது. கைக்கு வரும் சில்லறையில் பார்த்துப் பொறுக்கலாம், வங்கியில் பாக்கெட்டாக வாங்கலாம், அரசு நாணயச்சாலையிடமே செட்டாக வாங்கலாம், காசு வியாபாரியிடம் வாங்கலாம். வேலூரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இந்த நாலும் சமமே இல்லை. மும்பைக்காரருக்குச் சுலபமாக இருப்பது நமக்கு அலைச்சல், நமக்குச் சும்மா கிடைப்பது அவருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

முதலில் செலவைப் பார்த்துவிடுவோம். 1, 2, 5, 10, 20 என்று இப்போது புழக்கத்துக்கு அடிக்கிற ஐந்து காசிலும் ஒவ்வொன்று எடுத்துவைத்தால் ஆகிற தொகை 38 ரூபாய். நாட்டில் நாலு நாணயச்சாலை இருக்கிறது, நாலுமே ஐந்து காசையும் அடித்ததாக வைத்துக்கொண்டாலும் (எல்லா ஆண்டும் அப்படி நடக்காது) 152 ரூபாயில் ஒரு ஆண்டு முடிந்துவிடும், ஆம்பூர்ப் பக்கம் ஒரு பிரியாணிக்கு ஆகிற காசு. அதே ஐந்தையும் வங்கியில் நூறு நூறாக எடுத்தால் 3,800 ரூபாய் முடங்கும், ஆனால் ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சம் 99-ஐச் செலவழித்துவிடலாம் என்பதால் அங்கே நஷ்டம் பணமில்லை, மெனக்கெடல்தான். நாணயச்சாலை செட்டுக்கு முகமதிப்பைவிடப் பல மடங்கு கொடுக்கணும், அந்தப் பணம் திரும்பாது. வியாபாரி விலை அவர் சொல்வதுதான்.

எதை எங்கே தேடுவது என்று சொல்வதற்கு முன்னால், எதைத் தேடுகிறோம் என்று தெரியணும் இல்லையா. 2010 ஜூலையில் ரூபாய்க்குத் தனிக் குறி வந்தது, அடுத்த ஆண்டே அந்தக் குறியோடு காசுகள் வந்தன. அதே 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்தவையும் செல்லாமல் போயின. 50 பைசா இன்றைக்கும் சட்டப்படி செல்லும், ஆனால் கொடுத்துப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம் 2019 மார்ச்சில் பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கும்படி தானியக் கதிர் போட்ட புது வரிசையை அறிவித்தார்கள். புழக்கத்துக்கு 20 ரூபாய்க் காசு முதன்முதலாக வந்தது அதில்தான், பன்னிரண்டு பக்கம், 27 மில்லிமீட்டர் அகலம், 8.54 கிராம் எடை. பத்து ரூபாய்க் காசும் அதே 27 மில்லிமீட்டர்தான் என்பதால் அவசரத்தில் இருபதைப் பத்தாக நினைத்துக் கொடுக்கிற கூத்து இன்னும் நடக்கிறது. ஒரு அடையாளம் சொல்கிறேன்: பத்தில் வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை, இருபதில் அது அப்படியே தலைகீழ். 2022 ஜூன் 6-ல் சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுச் சின்னத்தோடு ஐந்து மதிப்பிலும் இன்னொரு வரிசை வந்தது. இதையும் புழக்கத்துக்கே விட்டார்கள், ஆகவே அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இந்த வரிசை மாற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2011 வரிசையில் 2 ரூபாய்க் காசின் அகலம் 25 மில்லிமீட்டர், 2019 வரிசையில் 23. ஒரு ரூபாய் கிட்டத்தட்ட 22-லிருந்து 20-க்கு இறங்கியது. அதாவது புது இரண்டு ரூபாயும் பழைய ஒரு ரூபாயும் ஒரே கல்லாவில் கிடந்தால் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், இரண்டும் வெள்ளை, இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சேர்க்கிறவருக்கு இதனால் லாபம்தான், கடைக்காரரே "இது ஒண்ணா ரெண்டா பாருங்க சார்" என்று உங்கள் உள்ளங்கையில் நாலு காசை வைத்து நீட்டுவார், நீங்கள் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது ஆண்டு எண்ணை. அதை ஒட்டிக் கடுகளவு ஒரு குறி இருக்கும். சாய்சதுரமாக வைரம்போல் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஐதராபாத், உருண்டைப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. தேய்ந்த காசில் வைரத்துக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது, போன் கேமராவைப் பெரிதாக்கி, காசைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் முனை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரே ஆண்டு ஒரே மதிப்பு என்று எண்ணி வைத்திருந்த நாலு காசு, இந்தக் குறி தெரிந்த அன்றைக்கு நாலு வேறு காசாகிவிடும். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இங்கேதான், வடிவத்தை மட்டும் சேர்ப்பவர் ஒரு மாதத்தில் முடித்துவிட்டுச் சலித்துப்போவார்.

குறி பார்த்துக் காசின் ஊரைச் சொல்வது ஆற்காட்டு ஜில்லாவுக்குப் புதிதும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு ரூபாய் ஆற்காட்டில் மட்டும் அடிக்கப்படவில்லை. 1736-ல் நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி வாங்கிப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தார்கள், ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் அடித்தது, எல்லாவற்றிலும் ஊர்ப்பெயர் என்னவோ ஆற்காடுதான். புதுச்சேரிக் காசில் பிறை இருக்கும், சென்னைக் காசில் தாமரை இருக்கும், அதை வைத்துத்தான் எந்த ஊர் வெள்ளி என்று சொல்வார்கள். அதை இன்றைக்கு வாங்க வேண்டுமானால் வியாபாரியிடம்தான் போகணும், அது வேறு கதை, வேறு பட்ஜெட்.

சரி, சில்லறைக்கு வருவோம். இந்த வழியின் பெரிய பலம் செலவு இல்லை என்பதும், பெரிய பலவீனம் நம் கையில் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. வருவதுதான் வரும். அதுவும் இப்போது வருவதே குறைந்துவிட்டது. டீக்கடையிலிருந்து கீரைக்காரம்மா வரைக்கும் ஸ்கேனர் அட்டை தொங்குகிறது, பத்து ரூபாய் டீக்குப் போனைக் காட்டிவிட்டுப் போகிறோம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஒரு காலத்தில் மீதிச் சில்லறை கொடுப்பார்கள், 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதோடு அதுவும் போச்சு. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம்தான், ஆனால் கண்டக்டர் பையில் முன்பு குலுங்கிய சத்தம் இப்போது பாதிகூட இல்லை. ஆக, சும்மா பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் சேராது. எந்த இடத்தில் இன்னும் காசு புரள்கிறது என்று தெரிந்து, அங்கே நோட்டாகக் கொடுத்துக் காசாக வாங்கணும்.

வேலூரில் அப்படி ஒரு இடம் உண்டு, வேறு ஊரில் அதற்கு ஈடு சொல்ல முடியாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, அந்தப் பக்கத்து லாட்ஜ் சந்துகள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று எங்கெங்கோ இருந்து வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிற இடம். அவர்கள் ரயிலில் வரும்போது பையில் அவர்கள் ஊர்ச் சில்லறையும் வருகிறது, அது காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் இறங்குகிறது. பொதுவாக நம் பக்கம் கைக்கு வரும் காசில் நட்சத்திரமும் வைரமும்தான் அதிகம் கண்ணில் படும். குறியே இல்லாத கொல்கத்தாக் காசு வேண்டுமென்றால் நான் சொல்வது இந்தத் தெருக்களைத்தான். இது என் கண்கணக்கு, யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் சத்துவாச்சாரியில் மளிகை வாங்கிய சில்லறையையும் காந்தி ரோட்டில் வாழைப்பழம் வாங்கிய சில்லறையையும் தனித்தனியாகக் கொட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இன்னொரு இடம் கல்யாண வீடு. மொய்க் கவர் மேலே ஒரு ரூபாய்க் காசை ஒட்டி விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன். கவர் செய்கிறவர்கள் காசை மொத்தமாக வாங்குவதால் ஒரே கட்டுக் கவரில் ஒரே ஆண்டு ஒரே குறியாக இருப்பதைப் பார்க்கலாம், பெரும்பாலும் பளபளப்பும் போகாமல் இருக்கும். கல்யாணம் முடிந்து மொய் எண்ணுகிறபோது கவரைக் கிழித்து நோட்டை எடுத்துவிட்டு, காசோடு கவரை ஒரு மூலையில் குவித்துவிடுவார்கள். பெரியம்மா, அத்தை யாராவது பிறகு உட்கார்ந்து பிய்த்து டப்பாவில் போடுவார்கள். அந்த டப்பாவை நீங்கள் கேட்டு வாங்குங்கள், எண்ணிப் பணமாகக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் சந்தோஷம். காசில் ஒட்டியிருக்கும் பசையை நகத்தாலோ பிளேடாலோ சுரண்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் பசை ஊறித் தானே உரிந்து வரும், மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். ஒரு ரூபாய்க் காசுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பத்து ரூபாய்க் காசுக்கு வேறு கதை. "பத்து ரூவா காயின் வேணாம்ண்ணே, நோட்டா குடு" என்கிற வசனத்தைக் கேட்காமல் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கம் யாரும் பல வருஷம் காலம் தள்ளியிருக்க முடியாது. ரூபாய்க் குறி இல்லாத காசு போலி, பதினைந்து கோடு போட்டது போலி, பத்துக் கோடு போட்டதுதான் நிஜம் என்று ஒருத்தர் கிளப்பிவிட, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குறி 2011-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் அடித்ததில் குறி எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய்க் காசு அதுவரை 14 வடிவத்தில் வந்திருக்கிறது, பதினாலுமே செல்லும் என்று அறிக்கையே விட்டது. அப்படியும் அடங்கவில்லை, 2022-ல் அரூர் பக்கத்து ஆள் ஒருவர் பத்து ரூபாய்க் காசாகவே ஆறு லட்சம் சேர்த்துச் சேலத்தில் கார் வாங்கினது செய்தியாக வந்தது. சேர்க்கிறவருக்கோ இந்த வதந்தியால் அதிர்ஷ்டம் அடித்தது என்றுதான் சொல்லணும். மற்ற ஊரில் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன காசு, இங்கே யாரும் வாங்காததால் டப்பாவிலும் உண்டியலிலும் முகம் மழுங்காமல் படுத்திருக்கிறது. தெரிந்த கடைக்காரரிடம் "பத்து ரூவா காயின் இருந்தா குடுங்கண்ணே, நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கல்லாவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரையே எடுத்துக் கையில் கொடுப்பார். அந்தக் கவரில் யோகா தினம், அம்பேத்கர் 125, காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நூற்றாண்டு, மூன்றும் 2015, கயிறு வாரிய 60-ஆம் ஆண்டு, 2012 நாடாளுமன்ற 60-ஆம் ஆண்டு, வைஷ்ணவி தேவி என்று வியாபாரி தனித்தனியாக விலை போட்டு விற்கிற நினைவுக் காசெல்லாம் பத்து ரூபாய்க்கே கிடைக்கும்.

ஐந்து ரூபாயிலும் நம்ம ஊர் முகங்கள் உண்டு. காமராஜர் நூற்றாண்டுக் காசு பழைய கனமான வெள்ளைக் காசில் வந்தது. 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டுக் காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது, அதைச் சில்லறையில் பார்த்தவர்கள் பலர் படிக்காமலேயே செலவழித்திருப்பார்கள். 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு ஒன்று வந்தது. இவை இப்போது அடிக்கடி வருவதில்லை, வந்தால் விடாதீர்கள்.

ஆக, சில்லறை வழி என்பது காத்திருக்கத் தெரிந்தவருக்கு. கிடைக்கிற காசு கீறல் இல்லாமல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐந்து ரூபாய், இருபது ரூபாய்க் காசின் மஞ்சள் பளபளப்பு கைவியர்வை பட்டாலே மங்கத் தொடங்கிவிடும், நம்ம ஊர் வெயிலில் வியர்வைக்குப் பஞ்சமா என்ன. அந்தப் பளபளப்பு வேண்டும் என்பவர் வங்கிக்குப் போகணும்.

வங்கி வழி கேட்பதற்குச் சுலபம், நடைமுறையில் கவுன்டரில் இருக்கிறவர் மனசைப் பொறுத்தது. காசு வாங்கவும் கொடுக்கவும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எல்லாக் கிளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் மாதத்தின் முதல் வாரம், பென்ஷன் வரிசை வாசல்வரை நிற்கும்போது, நீங்கள் போய் "புது இருபது ரூபாய் காயின் ஒரு பாக்கெட் இருக்குமா மேடம்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லவே வேண்டாம். மாத நடுவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உங்களுக்குக் கணக்கு இருக்கிற கிளையில் கேளுங்கள். சின்னக் கிளையில் இருக்காது, பணக் காப்பறை உள்ள பெரிய கிளையில்தான் காசு மூட்டை வந்து இறங்கும். எனக்கு ஒரு கிளையில் "காயின் கொண்டாந்து போடறதுக்குத்தான் ஆள் வருவாங்க, வாங்கிட்டுப் போறதுக்கு நீங்கதான் வந்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே பாக்கெட்டை எடுத்துத் தந்தார்கள், இன்னொரு கிளையில் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எந்தக் கிளை என்பதைவிட எந்த ஆள், எந்த நேரம் என்பதுதான் முக்கியம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பாக்கெட் நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா, அல்லது கடைக்காரர்கள் கொண்டுவந்து போட்டதை எண்ணித் திரும்பக் கட்டியதா என்பது. முதல் வகை என்றால் நூறும் ஒரே முகம், ஒரே ஆண்டு, ஒரே குறி. அதில் நமக்கு வேண்டியது ஒன்று, மாற்றிக்கொள்ள ஒரு ஐந்தாறு, மிச்சம் செலவுக்கு. ஒரு ரூபாய் பாக்கெட்டுக்கு நூறு ரூபாய்தான், தாராளமாக வாங்கலாம். இருபது ரூபாய் பாக்கெட் இரண்டாயிரம், அதைச் செலவழிப்பதற்குள் பாதிக் கடைக்காரர் உங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவது வகை, கலப்புப் பாக்கெட், பளபளப்புத் தேடுபவருக்கு ஏமாற்றம், ஆனால் குறி தேடுபவருக்குப் புதையல். ராத்திரி மேசையில் கொட்டி ஆண்டு வாரியாக அடுக்கினால் ஒரு பாக்கெட்டில் ஒரு வாரச் சில்லறையைவிட அதிகமாகத் தேறும். இரண்டையும் ஒப்பிட்டால் நான் கலப்புப் பாக்கெட்டைத்தான் எடுப்பேன், ஏனென்றால் பளபளப்பு எப்படி வைத்தாலும் கொஞ்ச வருஷத்தில் குறையத்தான் போகிறது, 2013 கொல்கத்தா 2 ரூபாய் எப்போதும் அதேதான்.

நாணயச்சாலை வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அரசு நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனமே தன் இணையதளத்தில் நினைவு நாணயங்களைச் சாதாரண அச்சு, கண்ணாடிபோல் மின்னும் சிறப்பு அச்சு என்று பெட்டியில் வைத்து விற்கிறது, பணம் கட்டினால் வீட்டுக்கு வரும். 2023 மே 28-ல் புது நாடாளுமன்றத் திறப்புக்கு வந்த 75 ரூபாய்க் காசு அப்படிப்பட்டது: 44 மில்லிமீட்டர், 35 கிராம், பாதி வெள்ளி, மிச்சம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 2024 ஆகஸ்ட் 18-ல் சென்னையில் வெளியிட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய்க் காசும் அப்படியே, "தமிழ் வெல்லும்" என்று தமிழிலேயே பொறித்தது. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டுக்கு 40 கிராம் சுத்த வெள்ளியில் 90 ரூபாய்க் காசு வந்தது. இவை எந்தக் கல்லாவிலும் விழாது, புழக்கத்துக்கு அடித்தவையே அல்ல. காசு கொடுக்காமல் கிடைக்காது, கொடுத்தாலும் விற்றுத் தீர்ந்த பிறகு கிடைக்காது. அழகு என்று பார்த்தால் நாலு வழியிலும் இதுதான் முதலிடம், மறுக்க முடியாது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிவைப்பதைத் தவிர அதில் நமக்கு வேலை இல்லை. மனதுக்கு நெருக்கமான ஒருவருடைய காசு, அல்லது பிள்ளை பிறந்த ஆண்டு செட் என்று காரணம் இருந்தால் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொன்றாக எல்லாம் வாங்கணும் என்று இறங்கினால் மாதச் சம்பளக்காரருக்குத் தாங்காது.

வியாபாரி வழியில் ஒரே ஒரு நல்லது: ஓட்டை அடைக்கலாம். ஒரு வரிசையில் எல்லாம் இருந்து ஒரே ஒரு ஆண்டு ஒரே ஒரு குறி மட்டும் வராமல் இழுத்தடித்தால், சென்னையில் நடக்கிற நாணயக் கண்காட்சிக்கு ஒரு நடை போனால் முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கிவிடலாம். காட்பாடியிலிருந்து காலை ரயில் பிடித்தால் மாலை வீட்டில் இருக்கலாம். நேரில் பார்த்து, கையில் எடுத்து, குறியைச் சரிபார்த்து வாங்குங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட மோசம், "இந்த 5 ரூபாய் உங்களிடம் இருந்தால் 5 லட்சம்" என்று வருகிற வீடியோ. வைஷ்ணவி தேவிக் காசை வைத்துக்கொண்டு எத்தனை பேர் இன்னும் அந்த லட்சத்துக்குக் காத்திருக்கிறார்களோ. விற்றுத் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்று ரிசர்வ் வங்கியின் பேரைச் சொல்லியே பணம் பறிக்கிறார்கள், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. நம்மிடமிருந்து காசு வாங்க ரிசர்வ் வங்கி யாரையும் கமிஷனுக்கு வைக்கவில்லை.

இதையெல்லாம் வைத்து என் தீர்ப்பு இது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆரம்பித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் சில்லறை மட்டும், வேறு எதுவும் வேண்டாம், அதுவும் ஒரே ஒரு மதிப்பில், ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. ஆண்டுகளை வரிசையாக எழுதிய ஒரு நோட்டு, நாலு குறிக்கு நாலு கட்டம், கிடைத்ததற்கு டிக். கூடவே ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் கொடுங்கள், ஸ்டீலில் அடித்த ஒன்றும் இரண்டும் ஒட்டும், பித்தளை வகை ஐந்து ஒட்டாது, அதைப் பார்த்தே பிள்ளை ஒரு மணிநேரம் விளையாடும். வேலைக்குப் போகிறவர், நேரம் இல்லாதவர் என்றால் மாதம் ஒரு கலப்புப் பாக்கெட், சில்லறையைக் கண் தானாகப் பார்த்துக்கொள்ளும். ரிட்டையர் ஆனவருக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, நேதாஜி மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அவரிடம் நம்மைவிட அதிகம் சேர்ந்திருக்கும். பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் நாணயச்சாலைப் பெட்டி. முதலீடாக நினைப்பவர் அந்தப் பணத்தைத் தபால் ஆபீஸில் போடட்டும், கோடிக்கணக்கில் அடிக்கிற காசுக்கு அவர் காலத்தில் விலை ஏறாது.

எந்த வழியில் வந்தாலும் வைக்கிற முறை ஒன்றுதான். புளி, பீதாம்பரி, சாம்பல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். விளக்குத் துலக்குகிற பழக்கத்தில் வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு அதைச் செய்துவிடக்கூடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேய்த்த காசு மின்னும், ஆனால் மேல்தோல் போயிருக்கும், அது திரும்பாது. மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தில் பிவிசி உறை இருந்தால் செம்பு கலந்த காசில் கொஞ்ச நாளில் பச்சையாகப் பிசுக்குப் பிடிக்கும், அட்டைச் சட்டத்தில் மெல்லிய மைலார் தாள் வைத்த உறை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். அதுவும் எல்லாக் காசுக்கும் வேண்டாம். பளபளப்பாகக் கிடைத்ததற்கு மட்டும் உறை, மிச்சத்துக்குத் தபால் கவரில் ஆண்டு எழுதிப் போட்டுவைத்தாலே போதும்.

கடைசியாக, மிஞ்சுகிற காசை என்ன செய்வது. பாக்கெட் வாங்குகிறவருக்கு இது நிஜமான பிரச்சினை. 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைதான் கட்டாயமாக வாங்கிக்கொள்ள வேண்டியவை, 50 பைசா என்றால் பத்து ரூபாய் வரை. அதற்காக ஆயிரம் ரூபாய்க்குக் காசாகக் கொண்டுபோய்த் தெரிந்த கடைக்காரர் முன்னால் கொட்டிச் சட்டம் பேசினால் அடுத்த தடவை கல்லாவின் அடித்தட்டுக் கவர் உங்களுக்கு வராது. ஒன்றும் இரண்டும் ஐந்தும் லாங் பஜார் மளிகைக் கடைகளில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், சாயங்கால நெரிசலுக்கு முன்னால் எண்ணி நூறு நூறாகக் கட்டிக் கொடுத்தால் நோட்டாகத் தந்துவிடுவார்கள். பத்தும் இருபதும்தான் நம்ம ஊரில் தேங்கும். அவற்றை நூறு காசு கொள்கிற பாலிதீன் பையில் போட்டு வங்கிக் கவுன்டரில் கட்டிவிடுங்கள், அல்லது பெங்களூருக்கோ சித்தூருக்கோ போகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.